கர்ப்பகாலத்தில் ஒரு கொப்பி

28 ஆவது வாரக் கிளினிக்கில் எனக்கு ஒரு அட்டவணை தந்தார்கள். குழந்தையின் அசைவுகளை எண்ணி, ஒவ்வொரு நாளும் அதில் குறிக்க வேண்டும். அதுவரை என் கர்ப்பகாலப் பதிவு அட்டையில் எழுதியவர்கள் எல்லோரும் வேறு ஆட்கள். நிறையை ஒருவர் எழுதினார், இரத்த அழுத்தத்தை இன்னொருவர் எழுதினார், வயிற்றை நாடாவால் அளந்து சென்ரிமீற்றர் கணக்கை டொக்டர் எழுதினார். நானாக எழுதும்படி என் கையில் கிடைத்த முதல் தாள் அந்த அட்டவணைதான்.

முதல் மூன்று நாட்களும் கோடுகள் மட்டும் போட்டேன். நான்காம் நாள் இரவு, குழந்தை அசைந்து ஓய்ந்த பிறகும் நித்திரை வரவில்லை. கோடுகளுக்குக் கீழே இருந்த வெற்றிடத்தில் பென்சிலால் "இண்டைக்கும் பயமா இருக்கு" என்று எழுதினேன். கிளினிக்கில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று உடனேயே அழித்தும் விட்டேன். அடுத்த நாள் சந்திக் கடையில் ஒரு சி.ஆர். கொப்பி வாங்கினேன்.

முந்தைய ஆண்டு எனக்கு ஒரு கரு 11 ஆவது வாரத்தில் கலைந்திருந்தது. மூன்று மாதம் முடியும்வரை வெளியில் சொல்லக்கூடாது, கண்ணூறு பட்டுவிடும் என்பது எங்கள் வீடுகளின் சட்டம். யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்ததால், இழந்தபோது ஆறுதல் சொல்லவும் யாருக்கும் விஷயம் தெரிந்திருக்கவில்லை. இரண்டாவது தடவை வயிறு தெரியத் தொடங்கியதும் நிலைமை தலைகீழானது. எல்லோரும் கதைத்தார்கள், எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: "கனக்க யோசிக்காதையுங்கோ." அம்மா சொன்னார். பக்கத்து வீட்டு அன்ரி சொன்னார். கொழும்பில் வேலை செய்யும் கணவர் தொலைபேசியில் சொன்னார். கிளினிக்குக்கு ஏற்றிச் சென்ற ஓட்டோ அண்ணாவும் சொன்னார், "யோசிச்சா பிள்ளைக்குக் கூடாது" என்ற சேர்க்கையோடு. ஆக, எனக்குக் கவலை இரண்டானது. பிள்ளைக்கு ஏதும் ஆகுமோ என்ற கவலை ஒன்று, நான் இப்படிக் கவலைப்படுவதாலேயே பிள்ளைக்கு ஏதும் ஆகுமோ என்ற கவலை மற்றொன்று.

நான் ஒரு சுதந்திர ஊடகவியலாளர். மற்றவர்களின் இழப்புகளைக் கேட்டு எழுதுவதுதான் பல ஆண்டுகளாக என் தொழில். எனது இழப்பைப் பற்றி ஒரு வரி எழுத எனக்குக் கை வரவில்லை என்பதைச் சொல்லக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. கொப்பி வாங்கிய பிறகு, எழுதுவது உண்மையில் ஏதாவது செய்யுமா என்று தேடி வாசிக்கத் தொடங்கினேன். வாசித்ததும் செய்து பார்த்ததும் சேர்ந்ததே இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு கணக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் தரவுப்படி, உலகளவில் கர்ப்பிணிகளில் ஏறத்தாழ 10 சதவீதமானோரும், குழந்தை பெற்ற பெண்களில் ஏறத்தாழ 13 சதவீதமானோரும் ஏதோவொரு உளநலப் பிரச்சினைக்கு, பெரும்பாலும் மனச்சோர்வுக்கு, ஆளாகின்றனர். வளர்முக நாடுகளில் இது கர்ப்பகாலத்தில் 15.6 சதவீதமாகவும் பிரசவத்திற்குப் பின் 19.8 சதவீதமாகவும் உயர்கிறது. கிளினிக் வாங்குகளில் 20 பேர் காத்திருந்தால் அவர்களில் மூவர் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த வாங்குகளில் சீனி வருத்தம் பற்றிக் கதைப்போம், இரும்புச்சத்துக் குளிசை வயிற்றைப் பிரட்டுவது பற்றிக் கதைப்போம், திரிபோஷாவை எப்படிச் செய்தால் சாப்பிடலாம் என்று கதைப்போம். இரவில் காரணமில்லாமல் அழுவதைப் பற்றி நான் அங்கே யாரும் கதைத்துக் கேட்டதில்லை. நானும் கதைக்கவில்லை.

"யோசிக்காதே" என்பது எங்களுடைய கண்டுபிடிப்பு இல்லை என்பதைத் தேடும்போதுதான் அறிந்தேன். அமெரிக்க எழுத்தாளர் சார்லட் பெர்கின்ஸ் கில்மனுக்கு 1885 இல் மகள் பிறந்தாள். அதன்பின் வந்த கடும் மனச்சோர்வுக்காக 1887 இல் அவர் பிலடெல்பியாவில் புகழ்பெற்றிருந்த நரம்பியல் வைத்தியர் சைலஸ் வீர் மிச்சலிடம் போனார். வைத்தியரின் மருந்து முழு ஓய்வு. வீட்டோடு இரு, பிள்ளையோடு இரு, மூளைக்கு வேலை கொடுக்காதே, வாழ்நாளில் இனிப் பேனையையோ தூரிகையையோ தொடாதே என்று தனக்குச் சொல்லப்பட்டதாகக் கில்மன் பின்னாளில் எழுதியிருக்கிறார். சில மாதங்கள் அப்படியே இருந்து பார்த்து, புத்தி பேதலிக்கும் விளிம்புவரை போய், மறுபடியும் பேனையை எடுத்தார். 1892 இல் வெளியான அவரது 'மஞ்சள் சுவர்த்தாள்' என்ற சிறுகதை அந்த அனுபவத்திலிருந்து வந்ததுதான். கதையின் பிரதியொன்றை அவர் அதே வைத்தியருக்கு அனுப்பியும் வைத்தார். அந்தச் செயல் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

எழுதுவதால் ஏதும் நடக்கிறதா என்பதை ஆய்வாக முதலில் சோதித்தவர்களில் முக்கியமானவர் உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர். 1986 இல் அவரும் சான்ட்ரா பீலும் வெளியிட்ட ஆய்வில், பல்கலைக்கழக மாணவர்கள் தொடர்ந்து நான்கு நாட்கள், நாளொன்றுக்கு 15 நிமிடங்கள் எழுதினார்கள். சிலர் சாதாரண விடயங்களைப் பற்றியும் சிலர் தங்கள் வாழ்க்கையின் மிகக் கசப்பான சம்பவத்தைப் பற்றியும் எழுத வேண்டும். நடந்ததையும் அதைப் பற்றிய உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள், அதன்பின் வந்த மாதங்களில் சுகாதார நிலையத்துக்குப் போன தடவைகள் குறைந்திருந்தன. ஆனால் எழுதி முடித்த கையோடு அவர்களுடைய மனநிலை முன்னரைவிட மோசமாகத்தான் இருந்தது. எழுதத் தொடங்க நினைக்கும் ஒரு கர்ப்பிணிக்கு இந்தச் செய்தி முக்கியம். முதல் நாள் எழுதிவிட்டு அழுகை வந்தால் அது தோல்வி இல்லை.

அதே பென்னிபேக்கர், பின்னர் எழுதியவர்களின் சொற்களை எண்ணிப் பார்த்தார். நாட்கள் போகப் போக 'ஏனெனில்', 'அதனால்', 'இப்போது விளங்குகிறது' போன்ற காரணம் தேடும் சொற்கள் கூடிக்கொண்டு போனவர்களுக்கே பலன் அதிகம் இருந்தது. அதே கவலையை அதே வார்த்தைகளில் திரும்பத் திரும்ப எழுதியவர்களுக்கு அவ்வளவு இல்லை. இதை வாசித்துவிட்டு என் கொப்பியைப் புரட்டினேன். முதல் ஆறு பக்கங்களும் பொலிஸ் முறைப்பாட்டுப் புத்தகம் மாதிரி இருந்தன. இத்தனை மணிக்கு எழும்பினேன், இத்தனை மணிக்கு வயிறு இறுகியது. ஊடகக் கற்கையில் படிப்பித்த யார், எப்போது, எங்கே எல்லாம் கச்சிதமாக இருந்தன. 'ஏன்' மட்டும் இல்லை. கலைந்த கருவைப் பற்றி எழுதிய ஒரே இடத்தில் "கரு கலைந்துள்ளமை உறுதிப்படுத்தப்பட்டது" என்று, யாரோ ஒருவருடைய செய்தியைப் போல எழுதியிருந்தேன்.

இந்த ஆய்வுகளை வைத்து எழுத்தை மருந்தாக விற்க முடியாது. 2006 இல் ஜோன் ஃபிரட்டரோலி 146 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது, பயன் உண்மைதான், ஆனால் சிறியது என்று தெரிந்தது. இத்தாலியில் பாவோலா டி பிளாசியோவும் சக ஆய்வாளர்களும், பிரசவித்துச் சில நாட்களேயான தாய்மாரை எழுத வைத்தார்கள். எழுதியவர்களிடம் சில மாதங்களின் பின்னர் மனச்சோர்வு அறிகுறிகள் குறைவாக இருந்தன. ஆனால் இங்கிலாந்தில் சூசன் அயர்ஸ் குழுவினர் 2018 இல் வெளியிட்ட பெரிய ஆய்வு, எல்லாத் தாய்மாருக்கும் பொதுவாக இதைக் கொடுத்ததில் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதையும் காணவில்லை. எழுத ஒத்துக்கொண்டவர்களிலும் பலர் எழுதவேயில்லை. கைக்குழந்தையோடு இருக்கும் ஒருத்தியிடம் போய் 15 நிமிடம் இருந்து எழுது என்றால் வேறு என்ன நடக்கும்? அந்த வகையில் பார்த்தால், வயிறு பெரிதாக இருந்தாலும் கை இரண்டும் சும்மா இருக்கும் கர்ப்பகாலம்தான் இதைப் பழகிக்கொள்ள வசதியான காலம் என்று எனக்குப் படுகிறது.

இனி, எப்படி எழுதுவது. எனக்குச் சரிவந்ததைச் சொல்கிறேன்.

நேரத்துக்கு ஒரு எல்லை வைத்தேன். கைபேசியில் 15 நிமிட அலாரம், அது அடித்ததும் வசனம் பாதியில் நின்றாலும் கொப்பியை மூடிவிடுவேன். எல்லை இல்லாமல் எழுதிய ஓரிரவு, விடிய மூன்று மணிவரை அதே பயத்தைச் சுற்றிச் சுற்றி எழுதி, முன்னரைவிட மோசமான நிலையில் எழும்பினேன். அதன்பின் பெரிய விடயங்களைப் பகலில், வெளிச்சத்தில், அம்மா குசினியில் சத்தம் போட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் எழுதினேன்.

இரவுக்கு வேறு ஒரு முறை. 2018 இல் பேய்லர் பல்கலைக்கழகத்தில் மைக்கல் ஸ்கலின் குழுவினர் 57 பேரை வைத்துச் செய்த ஆய்வில், படுக்கப் போகுமுன் ஐந்து நிமிடங்கள் அடுத்த நாட்களில் செய்யவேண்டிய வேலைகளைப் பட்டியலிட்டவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சராசரியாக 9 நிமிடங்கள் முன்னதாகத் தூங்கினார்கள். அவர்கள் கர்ப்பிணிகள் இல்லை, இளம் வயதினர். ஆனாலும் முயன்று பார்த்தேன். ஆஸ்பத்திரிப் பையில் வைக்க வேண்டிய துணிகள், ஸ்கான் றிப்போட் போட்டோப் பிரதி, அனுப்பாமல் கிடக்கும் கட்டுரை, இரத்தம் தருவதற்கு யாரைக் கேட்பது. எழுதிய பிறகு அவை என் தலையைவிட்டு இறங்கித் தாளில் போய்ப் படுத்துக்கொண்டன. ஒன்பது நிமிடமா என்று நான் அளக்கவில்லை.

பயத்தை எழுதும்போது அதை முழு வசனமாக எழுதுவது உதவியது. "பயமா இருக்கு" என்று பத்துத் தடவை எழுதுவதில் ஒன்றும் இல்லை. "கக்கூசுக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் இரத்தம் இருக்குமோ என்று பார்க்கிறேன், ஏனெனில் போன முறை அப்படித்தான் தெரிய வந்தது" என்று எழுதிய அன்று எனக்கு ஒன்று விளங்கியது. நான் பயந்துகொண்டிருந்தது இந்தப் பிள்ளையைப் பற்றி மட்டும் இல்லை. போன பிள்ளைக்காக நான் இன்னும் அழவேயில்லை.

குழந்தைக்குக் கடிதம் எழுதும்படி பலரும் சொல்வார்கள். செய்து பார்த்தேன், எனக்கு ஒத்துவரவில்லை. பிள்ளை வாசிக்கப்போகிறது என்ற நினைப்பில் எல்லாமே நல்ல வார்த்தைகளாக வந்தன, உண்மை வரவில்லை. உங்களுக்கு அது சரிவரலாம். கடிதத்துக்கு ஒரு கொப்பி, மனதுக்கு ஒரு கொப்பி என்று பிரித்து வைத்தால் நல்லது.

மனதுக்கான கொப்பியை எங்கே வைப்பது என்பதுதான் எங்கள் வீடுகளில் உண்மையான பிரச்சினை. நான் கட்டில் மெத்தைக்குக் கீழே வைத்திருந்தேன். விரிப்பு மாற்றும்போது அம்மா கண்டுவிட்டார். வாசிக்கவில்லை என்றார், நம்புகிறேன். ஆனால் அவருடைய முகம் மாறியிருந்தது. "எழுதினதுகளை வைச்சிருக்காதை பிள்ளை. எழுதினா கையோடை கிழிச்சுப் போடு" என்றார்.

அம்மா அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமம் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது அம்மா தம்பியை ஏழு மாதம் சுமந்துகொண்டிருந்தார். மழையில், சனத்தோடு சனமாக, நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்தார். நான் அப்பாவின் தோளில் இருந்தேனாம். அந்த நாட்களில் அம்மாவிடமும் ஒரு கொப்பி இருந்திருக்கிறது. எந்தப் பள்ளிக்கூடத்தில் தங்கினோம், யாரிடம் அரிசி வாங்கினோம், யார் யார் எங்கே போனார்கள் என்பதோடு, வயிற்றுப் பிள்ளையைப் பற்றியும் எழுதியிருக்கிறார். அடுத்த ஆண்டு வீட்டுக்குத் திரும்புமுன் அதை அடுப்பில் போட்டு எரித்தார். சோதனைச் சாவடியில் அகப்பட்டால் அதிலிருந்த பெயர்கள் ஆபத்து. எரித்தது பற்றி என்னிடம் சொன்னது இதுதான் முதல் தடவை. கர்ப்பிணிகளுக்கு "நாட்குறிப்பு எழுதுங்கள்" என்று இலகுவாக எழுதிவிடும் வெளிநாட்டு ஆலோசனைகளில், எழுத்தைக் கண்டே பயப்பட்டுப் பழகிய ஒரு சமூகத்துக்கு இடம் இல்லை.

அம்மா சொன்னதில் பாதியை எடுத்துக்கொண்டேன். வைத்திருக்க விரும்பாத பக்கங்களைக் கிழித்தேன். இதில் நட்டமில்லை, எழுதும்போதே பெரும்பகுதி வேலை நடந்துவிடுகிறது. மாமியோ கணவனோ வாசித்தால் பிரச்சினை வரும் வீடுகளில் இதுவே பாதுகாப்பான வழி. கைபேசியில் கடவுச்சொல் போட்ட குறிப்பாகவும் எழுதலாம், அந்தக் கைபேசி உங்களுடையதாக மட்டும் இருந்தால்.

வேறொரு செய்திக்காக ஹட்டன் பக்கம் போயிருந்தபோது, தோட்டமொன்றில் லயன் அறையில் இருந்த ஆறு மாதக் கர்ப்பிணி ஒருவரிடம் இந்தக் கொப்பிக் கதையைச் சொன்னேன். அவர் சிரித்தார். ஒரே அறையில் ஆறு பேர், கொப்பியை எங்கே ஒளிப்பது, எழுதவும் தனக்கு அவ்வளவாக வராது என்றார். பிறகு தானாகவே ஒன்று சொன்னார். வெளிநாட்டில் வேலை செய்யும் அக்காவுக்கு வட்ஸ்அப்பில் குரல் பதிவு போடுவாராம். சில பதிவுகளைப் போட்டு முடித்து, தானே ஒரு தரம் கேட்டுவிட்டு, அனுப்பாமல் அழித்துவிடுவாராம். எழுதத் தெரியாதவர்களுக்கு என்ன சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்த கேள்விக்கு அவர் பதிலே வைத்திருந்தார்.

33 ஆவது வாரத்தில் குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்தார். எங்கள் பக்கத்தில் மிட்வைஃப் மிஸ் என்போம். வழக்கம்போல "எப்பிடி இருக்கிறீங்கள்?" என்று கேட்டார். வழக்கம்போல "பரவாயில்லை மிஸ்" என்றேன். அவர் எழும்பப் போனார். அப்போதுதான் கொப்பியை எடுத்து, முதல்நாள் எழுதிய பக்கத்தை வாசித்துக் காட்டினேன். வாயால் சொல்லியிருக்கவே மாட்டேன். எழுதியிருந்ததால் வாசிக்க முடிந்தது. பத்து நாளாக இரவில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் நித்திரை இல்லை, பசி இல்லை, பிள்ளை அசையாத நேரங்களில் மூச்சு முட்டுகிறது, சில வேளை எல்லாம் முடிந்துவிட்டால் நல்லது என்று தோன்றுகிறது. மிஸ் திரும்பவும் கதிரையில் இருந்தார். "யோசிக்காதையுங்கோ" என்று சொல்லவில்லை. எத்தனை நாளாக என்று கேட்டார், கொப்பியைப் புரட்டித் திகதியைச் சொன்னேன். அந்தக் கிழமையே சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை வழியாக ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கடிதம் கிடைத்தது. பிரசவம் வரை நான்கு தடவை போனேன்.

கர்ப்பகாலத்தில் எழுதுவதன் பெரிய பயன் எனக்கு இதுதான். கொப்பி என்னைக் குணப்படுத்தவில்லை. உதவக்கூடிய ஒருவரிடம் சொல்வதற்கான வசனங்களைத் தயாரித்துத் தந்தது. வைத்தியத்தில் இதற்கு நேரடியான பயன்பாடும் உண்டு. தாய்மாரின் மனச்சோர்வைக் கண்டறிய 1987 இல் உருவாக்கப்பட்ட எடின்பரோ அளவுகோலில் பத்துக் கேள்விகள். அது இலங்கையிலும் பயன்படுத்தப்படுகிறது. எல்லாக் கேள்விகளும் கடந்த ஏழு நாட்களைப் பற்றியவை, கடைசிக் கேள்வி தன்னைத்தானே காயப்படுத்தும் எண்ணம் பற்றியது. ஏழு நாளில் எத்தனை நாள் அழுதீர்கள் என்று திடீரென்று கேட்டால் எங்களில் எத்தனை பேருக்குச் சரியான பதில் வரும்? ஒரு நாளைக்கு ஒரு வரி எழுதி வைத்திருந்தால் வரும்.

எழுத்தை நிறுத்திவிட்டு ஆளிடம் போகவேண்டிய கட்டங்கள் உண்டு. எழுத எழுதப் பதற்றம் கூடுகிறது என்றால் நிறுத்துங்கள், பென்னிபேக்கரும் இதையே சொல்கிறார். பழைய கொடுமைகளை, போர்க்கால நினைவுகளை, பக்கத்தில் யாரும் இல்லாமல் தனியாகக் கிளறவேண்டாம். இரண்டு கிழமைக்கு மேலாக மனம் இருண்டே கிடந்தால், நித்திரையும் சாப்பாடும் போய்விட்டால், மிட்வைஃபிடமோ கிளினிக் வைத்தியரிடமோ சொல்லுங்கள். பிரசவித்து முதல் சில நாட்களில் காரணமில்லாமல் வரும் அழுகை பலருக்கும் வந்து இரண்டு கிழமைக்குள் தானாகப் போகும். அதற்கு மேலும் நீண்டால் அது வேறு. ஆயிரம் தாய்மாரில் ஒருவர் அல்லது இருவருக்கு, பெரும்பாலும் பிரசவித்து இரண்டு கிழமைக்குள், இல்லாத குரல்கள் கேட்பதும் தொடர்பில்லாமல் கதைப்பதும் கடும் குழப்பமும் வரும். அது அவசர நிலை, அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். பேய் பிடித்தது என்று கோயிலுக்குக் கொண்டுபோய் நாளைக் கடத்த வேண்டாம். சாக வேண்டும் என்றோ பிள்ளைக்கு ஏதும் செய்துவிடுவேன் என்றோ எண்ணம் வந்தாலும் அப்படியே. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு 24 மணிநேரமும் தமிழில் கதைக்கலாம். 1333 இலும் உளவளத் துணை கிடைக்கும். வீட்டில் அடி, மிரட்டல் என்றால் பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. வடக்கில் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பளை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவுகள் இருக்கின்றன, கட்டணம் இல்லை.

மகள் 39 ஆவது வாரத்தில் பிறந்தாள். அதன்பின் பல மாதங்கள் கொப்பியில் ஒன்றும் இல்லை. பால் குடித்த நேரங்களும் ஒரு தேநீர்க் கறையும் மட்டும். மகளுக்கு 31 ஆம் நாள் துடக்குக் கழித்து வந்தவர்கள் எல்லாம் போன பிறகு, அம்மா என் அறைக்கு வந்து, அந்தக் கொப்பியில் வெறும் தாள் இருந்தால் இரண்டு தரச்சொல்லிக் கேட்டார். நடுப்பக்கத்துத் தாள்களைக் கழற்றிக் கொடுத்தேன். எழுதினாரா, எழுதிக் கிழித்தாரா என்று நான் கேட்கவில்லை.